தாய் பருத்தால் சேய்க்கு நல்லதா?

பிள்ளை பிறந்த உடனே பிரசவ அறையில் வேலை முடிந்துவிடுவதில்லை. "நஞ்சு விழுந்ததா?" என்பது அடுத்த கேள்வி. விழுந்த நஞ்சுக்கொடியை நர்சு ஒரு தட்டில் ஏந்தி, முழுமையாக வந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். அதன்பின் அது கழிவோடு கழிவாகப் போய்விடும். எல்லோர் கண்ணும் குழந்தையின் மீது! அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்பை யாரும் நினைப்பதில்லை.

இப்போது உலகெங்கும் டாக்டர்கள் அந்த உறுப்பை எடுத்து வைத்து ஆராய்கிறார்கள். தாயின் உடம்பில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்த கொழுப்பு நஞ்சுக்கொடியின் வேலையைக் கெடுக்கிறது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். "பருமனான தாய்க்குத் திடமான பிள்ளை" என்று நம் வீடுகளில் சொல்லி வந்த பேச்சுக்கு இது நேர் விரோதமானது. ஆகவே விஷயத்தை நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரில்தான் நஞ்சு

நஞ்சுக்கொடிக்குப் பெயரில்தான் நஞ்சு. வேலையோ அமுதூட்டும் வேலை. பிரசவ காலத்தில் அதன் எடை சுமார் அரைக் கிலோ. அகலம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஒரு சிறு தட்டின் அளவு. ஆனால் அதன் உள்ளே மரத்தின் வேர்கள் போல நுண்ணிய கிளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் 10 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஒரு சிறிய அறையின் தரை அளவு வரும்.

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சுவர் ஒன்று உண்டு. பிராணவாயுவும் சர்க்கரையும் புரதமும் அந்தச் சுவரைக் கடந்து பிள்ளைக்குப் போகின்றன. பிள்ளையின் கழிவுகள் அதே வழியாகத் திரும்புகின்றன. பிள்ளைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் ஆகிய மூன்றின் வேலையையும் இந்த ஒரே உறுப்புதான் செய்கிறது. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்களையும் இதுவே சுரக்கிறது.

பூண்டி ஏரியும் கால்வாயும்

திருவள்ளூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ம் ஆண்டில் கட்டி முடித்த பூண்டி ஏரி நிரம்பி வழியலாம். ஆனால் கால்வாய் தூர்ந்து கிடந்தால் புழலுக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? சேராது. அதுபோலத்தான் இதுவும். தாயின் உடம்பில் சத்து நிறைய இருக்கலாம். கால்வாய் சரியில்லை என்றால் பிள்ளைக்கு அது முறையாகப் போய்ச் சேராது.

கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் ரத்தக் குழாய்கள் விரிந்து அகலமாக வேண்டும். நஞ்சுக்கொடியின் செல்கள்தான் உள்ளே புகுந்து அவற்றை அகலப்படுத்துகின்றன. மிகையான பருமன் உள்ள தாய்மார்களில் சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. உடம்பின் கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் பொருள்கள் நஞ்சுக்கொடியில் ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி என்றால் புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குகிறதே, அதே எதிர்ப்பு வேலை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிறது.

2023-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பருமனான தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் ரத்தக் குழாய்கள் அடர்த்தி குறைந்திருந்தன. சத்து கடக்கும் பரப்பும் குறைந்திருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரை வியாதியைக் காட்டிலும் பருமனே நஞ்சுக்கொடியின் அமைப்பை அதிகமாகக் கெடுக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதனால் வரும் கேடுகள் எவை? முதலாவது ரத்தக் கொதிப்பு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் கண்டால் அது ஆபத்துக் குறி. முற்றினால் வலிப்பு வரும்; தாய், சேய் இருவர் உயிருக்கும் மோசம். பருமனான தாய்மார்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் ஆபத்தும் கூடுகிறது. ஆபரேஷன் பிரசவம், தையல் புண் ஆறாமை ஆகியவையும் மிகுதி.

இப்படிச் சொன்னதும் பருமனான பெண்கள் எல்லோரும் நடுங்க வேண்டியதில்லை. அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆபத்து கூடுகிறது என்பதுதான் பொருள். ஆபத்து நிச்சயம் என்பது பொருள் அல்ல. முன்னதாகத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதியைத் தவிர்க்கவும் முடியும்.

சர்க்கரை கடக்கும், இன்சுலின் கடக்காது

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலின் வேலையைக் கொஞ்சம் தடுக்கின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை மிச்சப்பட வேண்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு இது. பருமனான உடம்பில் இன்சுலின் ஏற்கெனவே தடைப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது.

அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே பிள்ளை தானே அதிக இன்சுலினைச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிக்கொள்கிறது. 1950-களில் டென்மார்க் நாட்டு டாக்டர் பெடர்சன் இதை விளக்கினார். பிள்ளை பெருக்கிறது; தோள் சிக்குகிறது; பிறந்ததும் அதன் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்குகிறது. "நாலு கிலோ பிள்ளை!" என்று வீட்டார் பூரித்து நிற்கும் வேளையில் டாக்டர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

திருவள்ளூரில் எடுத்த கணக்கு

இந்த விஷயத்தில் உலகம் கவனித்த வேலை நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ம் ஆண்டில் நீரிழிவு நோய்க்கென்று தனித்துறை அமையக் காரணமாக இருந்தவர் டாக்டர் வி. சேஷய்யா. 2022-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் நகரப் பகுதியாகச் சென்னையையும், அரை நகர்ப் பகுதியாகச் சைதாப்பேட்டையையும், கிராமப் பகுதியாகத் திருவள்ளூரையும் எடுத்துக்கொண்டு 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது.

நகரத்தில் 100-க்கு 17.8 பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வியாதி. அரை நகர்ப் பகுதியில் 13.8 பேர். கிராமப் பகுதியில் 9.9 பேர். கிராமத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்! 25 வயதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள், எடைக் குறியெண் 25-ஐத் தாண்டியவர்கள் ஆகியோருக்கே அது மிகுதியாகக் கண்டது.

சேஷய்யா குழுவினர் வகுத்த சோதனை மிக எளிது. வெறும் வயிற்றில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை வியாதி. பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண் பட்டினியாக வந்து காத்திருக்க முடியாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. தமிழ்நாடு அரசு 2007-ல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய உத்தரவிட்டது. 2014-ல் மத்திய அரசும் இதே முறையை ஏற்றது. முதல் தடவை வரும்போது ஒன்று, ஆறு, ஏழு மாதங்களில் இன்னொன்று என்று இரண்டு சோதனை செய்ய வேண்டும்.

சோகையும் பருமனும் ஒரே வீட்டில்

அந்தக் கணக்கு எடுத்த பிறகு நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் எடை மிகுந்தவர்கள். 2019-21-ல் அது 40 ஆகிவிட்டது. அதே கணக்கெடுப்பில் இளைத்தவர்கள் 13 பேர்தான். ரத்தசோகை உள்ளவர்கள் 53 பேர்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை மிகுந்தவர் ஒருத்தி, சோகை பிடித்தவர் இன்னொருத்தி என்று பிரித்துவிட முடியாது. உடம்பில் கொழுப்பும் ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை. மலிவாகக் கிடைப்பது அரிசி, சர்க்கரை, எண்ணெய். விலை கூடியது பருப்பு, மீன், முட்டை, காய், பழம்.

கும்மிடிப்பூண்டியைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் ஆரணி ஆறும்தான் இந்தப் பக்கத்தின் பிழைப்பு. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, உருக்காலைகள் வந்தன, கல்கத்தா நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரிகள். அம்பத்தூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை எத்தனையோ பெண்கள் ஆலையில் வேலை செய்கிறார்கள். எத்தனையோ பெண்கள் ஷிப்டுக்குப் போகும் கணவனுக்காக நேரங்கெட்ட நேரத்தில் உலை வைக்கிறார்கள்.

நாற்று நட்டுக் களை பறித்த தாயின் மகள் இன்று ஒரே இடத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறாள். வாசலில் கம்பெனி பஸ். நடக்க நேரமில்லை, நெடுஞ்சாலையில் நடக்க இடமும் இல்லை. களைப்பு தெரியாமலிருக்க இனிப்பான டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீக்கு 50 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை அடக்குவது நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ராத்திரி சமைக்கத் தெம்பில்லாத நாளில் பரோட்டா. இதில் பெருந்தீனி எங்கே இருக்கிறது? வாழ்க்கை மாறியது, உடம்பு பருத்தது.

எத்தனை கிலோ?

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது எடைக் குறியெண். மேல்நாட்டாருக்கு 25 வரை சரி. நமக்கு 23-லேயே எச்சரிக்கை என்பது இந்திய வைத்திய நிபுணர்களின் முடிவு. 25 ஆனால் பருமன். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு 53 கிலோவுக்கு மேல் எடை கூடுதல். 58-க்கு மேல் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் இதற்குப் பதில் தேடினார். பூனாக் குழந்தைகள் பிறக்கும்போது 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் சதை குறைவு, கொழுப்பு குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு! நம்முடைய உடல்வாகு தாய் வயிற்றிலேயே இப்படித் தொடங்கிவிடுகிறது. ஆகவே "நான் குண்டு இல்லையே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வது போதாது. தராசைக் கேட்க வேண்டும்.

இரண்டு உயிருக்குச் சாப்பாடு

"வயிற்றில் ஒன்று இருக்கிறதே, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள், அம்மா!" என்று மாமியார் சொல்வது அன்பினால்தான். பஞ்சம் தெரிந்த தலைமுறையின் அன்பு அது. ஆனால் கணக்கு வேறு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு அதிகமாக வேண்டியது 350 கலோரி என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வரையறுத்தது. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல், அவ்வளவுதான்! இன்னொரு ஆளின் முழுச் சாப்பாடு அல்ல.

அதற்காகக் கர்ப்ப காலத்தில் பட்டினி கிடக்கக் கூடாது. இளைப்பதற்கு அது சமயமல்ல. எடை குறைக்க இப்போது ஊசிகள் வந்திருக்கின்றன. அவை கர்ப்பிணிகளுக்கு ஆகா. போட்டுக்கொள்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்திவிட வேண்டும். எடை மிகுந்தவர்கள் கர்ப்பத்தில் 7 முதல் 11 கிலோவும், பருமனானவர்கள் 5 முதல் 9 கிலோவும் கூடினால் போதும் என்று 2009-ல் அமெரிக்க நிபுணர்கள் அளவு வகுத்தார்கள். நம் பெண்களின் உயரத்துக்கு எது சரி என்பதை அவரவர் டாக்டரே சொல்ல வேண்டும்.

வேளை பார்க்க வேண்டியது கர்ப்பத்துக்கு முன்னால். நஞ்சுக்கொடி உருவாகும் முதல் வாரங்களில் பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே தெரியாது. தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கல்யாணத்துக்குப் புடவையும் நகையும் பார்க்கும் குடும்பம், பெண்ணின் எடையையும் ரத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்க்கக் கூடாதா? முதல் பிரசவத்தில் ஏறிய எடை இறங்காமலே இரண்டாவது கர்ப்பம் வந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு நடுவிலுள்ள காலமே எடையைத் திருத்த ஏற்ற காலம்.

அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் எடையைத் தவறாமல் எழுதுகிறார். பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு இளைத்த தாயைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. எடை ஏறவில்லை என்றால் மணி அடிக்கும்; மிகையாக ஏறினால் யாரும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் மணி அடிக்க வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. 2018-ல் அதில் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்ந்தது. சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து டானிக், நெய் ஆகியவை அதில் வைக்கப்பட்டன. 40 கிலோ பெண்ணுக்கு அது வரப்பிரசாதம். 80 கிலோ பெண்ணுக்கும் அதே நெய் எதற்கு? அவளுக்குப் பயறும் சுண்டலும் கொடுக்கலாமே! உதவியைக் குறைக்க வேண்டாம். உடம்புக்கு ஏற்றபடி மாற்றினால் போதும்.

ஆலைகளுக்கும் பொறுப்பு உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சிற்றுண்டிச் சாலை வேண்டும் என்று 1948-ம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அங்கே வெள்ளைச் சோறு மலையாகவும் காய் துளியாகவும் இருந்தால் யாருக்கு லாபம்? கீரை, முட்டை, சுண்டல், பழவேற்காட்டு மீன் என்று பக்கத்தில் கிடைப்பதையே போடலாம். பெண்கள் நடமாட நிழலான இடமும் பத்து நிமிஷ இடைவேளையும் கொடுக்கலாம். பரிசோதனைக்குப் போகும் கர்ப்பிணியின் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் இருக்கலாம்.

பழித்துப் பயனில்லை

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. பருமனான கர்ப்பிணியைப் பார்த்து, "இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு..." என்று ஏளனம் செய்யக் கூடாது. வீட்டிலும் கூடாது, ஆஸ்பத்திரியில் கூடவே கூடாது. ஒரு முறை அவமானப்பட்டவள் மறுமுறை வரமாட்டாள். யாரை அடிக்கடி பார்க்க வேண்டுமோ அவளே பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவாள். அவள் தட்டில் விழும் சோற்றை அவள் மட்டும் தீர்மானிக்கவில்லை. குடும்பமும் கூலியும் ஷிப்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. கர்ப்பம் என்று சந்தேகம் வந்த உடனே பதிவு செய்துகொள்ளுங்கள். சர்க்கரைச் சோதனை இரண்டு தடவை. ரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும். டாக்டர் தடுக்காவிட்டால் தினம் அரை மணி நடை. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், மேல் வயிற்றில் வலி, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையைக் கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குள் டாக்டர்கள் தொடங்குவதுண்டு; தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை கண்டவர்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 7 முதல் 10 மடங்கு. ஆண்டுக்கொருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் நம் தாய்மார்கள் சோறில்லாமல் இளைத்தார்கள். அரசும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து அதைப் பெருமளவு மாற்றின. இன்று அவர்கள் சத்தில்லாமல் பருக்கிறார்கள். முதலாவதை மாற்ற முடிந்த நாட்டுக்கு இரண்டாவதை மாற்ற முடியாதா? முடியும். ஆனால் அந்த வேலை பிரசவ அறை வாசலில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். வீட்டு அடுப்பங்கரையிலும் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்திலும் இன்றே தொடங்க வேண்டும்.